சாஸ்தமங்கலத்து ராமென் கடை

சீதாலக்ஷ்மிக்கு அந்த யோசனை ஆபீஸில்தான் வந்தது. செக்ரட்டேரியேட்டில் அவளுக்கு அடுத்த நாற்காலியில் உட்காரும் ஸ்மிதா, சாஸ்தமங்கலத்தில் புதிதாக ஒரு ஜப்பான் கடை வந்திருக்கிறது, அங்கே ராமென் கிடைக்கிறது, பிள்ளைகளோடு போய்ச் சாப்பிட்டு வந்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ராமென் என்ற சொல் காதில் விழுந்ததும் சீதாலக்ஷ்மி பார்த்துக்கொண்டிருந்த ஃபைலை மூடி வைத்தாள்.

அவளுடைய ஒரே பிள்ளை வெங்கிடேஷ் ஐந்து வருஷமாக ஜப்பானில், ஃபுகுவோகா என்ற ஊரில், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். என்னடா சாப்பிட்டே என்று எப்போது கேட்டாலும் அவன் சொல்வது அந்த ஒரு சொல்தான். ராமென்மா. வெஜ்தாம்மா. அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. சேமியாவைக் குழம்பில் போட்ட மாதிரி என்று அவன் ஒருதரம் சொன்னதை வைத்துத் தானாக ஒன்றைக் கற்பனை செய்து வைத்திருந்தாள்.

அவளும் கணவர் ஸ்ரீகண்டனும் பாஸ்போர்ட் எடுத்து வைத்து வெகுநாளாயிற்று. வரட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் வெங்கிடேஷ் ஏதாவது காரணம் சொன்னான். ரூம் சின்னது, குளிர் ஜாஸ்தி, இப்போ ப்ராஜெக்ட் நேரம். கொஞ்ச நாளாக வீடியோ காலிலும் அதிகம் வருவதில்லை. வந்தாலும் பின்னால் ஒரு மரச்சுவரும் காகித விளக்கும் தெரியும், இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவான். ஒருநாள் அவன் பேசும்போது காக்காய் கரைவது கேட்டது. அங்கேயும் காக்காய் உண்டா என்று அவள் வியந்ததற்கு, "இங்கே ரொம்ப ஜாஸ்திம்மா" என்றான்.

இரண்டாம் சனிக்கிழமை லீவு. காலையிலேயே அவள் கணவரிடம் சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு மத்தியானம் ஆத்துல சமையல் இல்லே. ராமென் சாப்பிடப் போறோம்."

பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஸ்ரீகண்டன் பேப்பரைத் தாழ்த்தினார். "என்னத்துக்காக்கும் இப்போ?"

"நாளைக்கு அவன் வாங்கோன்னு சொல்லுவான். அங்கே போய் அந்தக் குச்சியை வெச்சுண்டு முழிக்கப்படாது. இங்கேயே படிச்சுக்கலாம்."

பிள்ளை விஷயம் என்றால் அவர் எதிர்த்துப் பேசுவதில்லை. கரமனையிலிருந்து ஆட்டோவில் பூஜப்புரை வழியாகப் போனார்கள்.

கடை ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பாகம். வாசலில் ஜப்பான் எழுத்து, அதன் கீழே மலையாளம். ஸ்ரீகண்டன் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வாசித்தார்.

"ராமன்னு போட்டிருக்கு. நம்ம ஆள்தான்."

"ராமென்."

"எழுத்துப் பிழையாயிருக்கும்."

கதவைத் திறந்ததும் மேலே கட்டியிருந்த மணி ஒலித்தது. அதே நொடியில் நாலைந்து பேர் சேர்ந்தாற்போல, "இரஷ்ஷாய்மாசே!" என்று ஒரு கத்தல். ஸ்ரீகண்டன் இரண்டடி பின்வாங்கி மனைவியின் மேல் மோதிக்கொண்டார்.

"நாம ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா?"

ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். முப்பது வயசுக்குள் இருக்கும். கறுப்புச் சட்டை, குட்டை முடி, சட்டையில் ஷெமி என்று பெயர் குத்தியிருந்தது.

"பேடிக்கண்டா, பயப்படாதீங்கோ அங்கிளே. வாங்கோன்னு சொல்றதாக்கும் அது. உக்காருங்கோ அம்மா."

சீதாலக்ஷ்மி அவளை உற்றுப் பார்த்தாள். முகம் பார்த்தால் தமிழ்ப் பெண்ணாகத் தெரியவில்லை. ஆனால் அந்த 'உக்காருங்கோ' கரமனைத் தெருவில் கேட்கிற மாதிரியே இருந்தது.

"தமிழ் எங்கே படிச்சே?"

"இவிடெ கூட வேலை செய்யற ஆள்கிட்டேர்ந்து. முழுசும் வராது."

உட்கார்ந்தார்கள். மரச்சுவர். தலைக்கு மேல் காகித விளக்குகள். வெங்கிடேஷின் பின்னால் தெரிவதும் இப்படிப்பட்ட விளக்குதான். ஜப்பானில் எல்லா இடத்திலும் ஒரே விளக்குத்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். உள்ளே சமையலறைக்குப் போகும் வழியில் கதவுக்குப் பதில் பாதி வரை தொங்கும் நீலத் துணி. அதன் கீழே சில கால்கள் மட்டும் நடமாடின.

மெனு கார்டு ஒன்றும் விளங்கவில்லை. ஷோயு, மிஸோ, ஷியோ. ஸ்ரீகண்டன் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேட்டார்.

"இது?"

"அது கோழி எலும்பை வெச்சு ரொம்ப நேரம் திளப்பிச்ச, கொதிக்க வெச்ச ஸூப்பாக்கும்."

அவர் கார்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு வெஜ் உண்டு," என்றாள் ஷெமி. "காளானும் கடல்பாசியும் இட்ட ஸூப். பாத்திரம் எல்லாம் வேற."

"கடல்பாசியா?" ஸ்ரீகண்டன் மனைவியைப் பார்த்தார். "கடல்லேர்ந்து வர்றதுன்னா மீன் வகைதானே?"

"உப்பும் கடல்லேர்ந்துதான் வர்றது," என்றாள் சீதாலக்ஷ்மி. ஆனாலும் அவளுக்கும் முழு நிச்சயம் இல்லை. "ஏம்மா, மீன் தூள் கீள் ஒண்ணும் போட மாட்டாளே?"

"இல்லம்மா. எங்க ஷெஃப்பே சுத்த வெஜ். கோழி ஸூப்பு வெப்பார், ஆனா ருசி பார்க்க மாட்டார். மணம் பார்த்தே சொல்லிடுவார் உப்பு குறைவா கூடுதலான்னு. ருசி பார்க்கறது நானாக்கும்."

"ஐயோ பாவம்," என்றாள் சீதாலக்ஷ்மி. "யாரு பெத்த பிள்ளையோ."

இரண்டு வெஜ் ராமென் சொன்னார்கள்.

வந்தது. கிண்ணமா அண்டாவா என்று தெரியாத அளவில் ஒரு மண்நிறப் பாத்திரம். கலங்கிய சாற்றில் நூல்கண்டு மாதிரி நூடுல்ஸ், மேலே காளான், சோளம், பச்சை வெங்காயத்தாள், பின்னே கறுப்புக் காகிதம் போல ஏதோ ஒன்று செங்குத்தாகச் செருகியிருந்தது. ஸ்ரீகண்டன் அதை உருவி, பில்லாக இருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த மேஜையில் ஒரு பையன் அதைக் கடித்துத் தின்பதைப் பார்த்ததும் மறுபடியும் செருகி வைத்தார்.

குச்சிகள் பெரும்பாடாக இருந்தன. ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவியது. நூடுல்ஸ் வாய்க்கு அருகே வந்து, திரும்ப விழுந்து, அவள் புடவையில் சாறு தெறித்தது. சுற்றிலும் எல்லோரும் உறிஞ்சுகிற சத்தம். சத்தம் போட்டுச் சாப்பிடாதே என்று பிள்ளையைச் சின்ன வயதில் எத்தனை அதட்டியிருப்பாள்.

"அவனையே கேட்டுடறேன்," என்று போனை எடுத்தாள். "வீடியோல காமிச்சா அவனுக்கும் சந்தோஷமா இருக்கும். நாம எங்கே இருக்கோம்னு கண்டுபிடிக்கட்டும்."

வீடியோ கால் போட்டாள். நீலத் துணிக்குப் பின்னால் யாருடைய போனோ அடித்தது. இங்கே இவள் போன் 'ரிங்கிங்' காட்டியது. அங்கே அடித்தது நின்றது. இங்கே கால் கட்டானது. அவள் அதைக் கவனித்தாளே தவிர ஒன்றும் நினைக்கவில்லை. அவன் எப்போதும் செய்வதுதானே, வீடியோவைக் கட் பண்ணிவிட்டுச் சாதாரணமாகத் திரும்பக் கூப்பிடுவான். அதேபோல உடனே கூப்பிட்டான்.

"என்னம்மா? ஆபீஸ் கேன்டீன்ல இருக்கேன். சீக்கிரம் சொல்லு."

"டே, அந்தக் குச்சியை எப்படிடா பிடிக்கணும்?"

"எந்தக் குச்சி?"

"ராமென் சாப்பிடற குச்சிடா."

"அது எதுக்கு உனக்கு இப்போ? கீழ்க் குச்சி அசையப்படாதும்மா. மேல் குச்சியைத்தான் பேனா மாதிரி..."

அப்போது கடைக் கதவின் மணி ஒலித்தது. யாரோ நாலு பேர் உள்ளே வந்தார்கள். "இரஷ்ஷாய்மாசே!" என்ற கத்தல் கடை முழுக்க எழுந்தது. அதே கத்தல் போன் வழியாக அவளுடைய வலது காதிலும் விழுந்தது. அதில் ஒரு குரல் அவளுடைய பிள்ளையின் குரல்.

சீதாலக்ஷ்மி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். திரையில் அவன் படம், செர்ரிப் பூவின் கீழ் நின்று எடுத்தது.

"ஏன்னா," என்றாள் மெதுவாக. "போன்லேயும் அதே சத்தம் கேக்கறது."

"ஜப்பான்காரன் கடையிலெல்லாம் அப்படித்தான் கத்துவா. இப்போதானே அந்தப் பொண்ணு சொன்னா."

"அதில்லே. ஒரே நேரத்துல கேட்டது."

"இன்டர்நெட்டாக்கும். ஒண்ணும் சொல்லிக்க முடியாது."

அவள் மறுபடி காதில் வைத்தாள். "கேக்கறதாம்மா?" என்றான் வெங்கிடேஷ். அவள் பதில் சொல்வதற்குள் ஷெமி நீலத் துணியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"வெங்கீ, ரெண்டு மிஸோ! ஒண்ணுல முட்டை வேண்டா!"

இடது காதில் கேட்டது. வலது காதிலும் கேட்டது. "ஹாய்!" என்று ஜப்பான் பாஷையில் அவன் சரி சொன்னதும் இரண்டு காதிலும் கேட்டது.

ஒரு கணம் அவளுக்குத் தான் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறோம் என்றே குழம்பிவிட்டது. ஏர்போர்ட்டில் அவனைக் கட்டிக்கொண்டு அழுதது நிஜம். பெட்டியில் புளிக்காய்ச்சல் வைத்தது நிஜம். அப்படியானால் இந்தத் துணிக்குப் பின்னால் நிற்பது யார்? ஜப்பானில் வேறொரு வெங்கி, அங்கேயும் இரண்டு மிஸோ, அங்கேயும் ஒருவருக்கு முட்டை வேண்டாம் என்றெல்லாம் இருக்க முடியுமா? இருந்தால் தேவலை என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

போனைக் கையால் பொத்திக்கொண்டு கணவரைப் பார்த்தாள். அவர் நீலத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மனசிலாகிவிட்டது.

"கட் பண்ணிடு சீதே," என்றார் குரலைத் தாழ்த்தி. "எழுந்து போயிடலாம். நாம பார்த்தது அவனுக்குத் தெரிய வேண்டாம்."

"போய்?"

"அவனா ஒருநாள் சொல்லட்டும்."

"அதுவரைக்கும் நான் அவன்கிட்டே அங்கே குளிர் எப்படியிருக்குன்னு கேட்டுண்டே இருக்கணுமா?"

அவள் எழுந்தாள். போன் காதிலேயே இருந்தது. நீலத் துணியை விலக்கினாள்.

உள்ளே ஒரே ஆவி. பெரிய பெரிய அண்டாக்கள். தலையில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு நெடிய உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, இரண்டு கம்பிச் சல்லடைகளைக் கொதிக்கும் நீரிலிருந்து தூக்கி உதறிக்கொண்டிருந்தான். முழங்கையில் சூடு பட்ட பழைய தழும்புகள்.

"அம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்," என்றாள் போனில். "திரும்புடா."

அவன் திரும்பினான்.

போன் நழுவி மேஜையில் விழுந்தது. பிறகு அவன் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, ஒரே நிமிஷம், நூடுல்ஸ் குழைஞ்சுடும்" என்பதுதான்.

சொல்லிவிட்டு மறுபடி வேலையைப் பார்க்க ஆரம்பித்தான். அவள் நின்றாள். கிண்ணத்தில் சாற்றை ஊற்றி, நூடுல்ஸை மடித்து வைத்து, சோளம், காளான், ஒன்றில் மட்டும் முட்டை. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டுத் தள்ளி வைத்தான். வீட்டில் தன் காபி டம்ளரைக் கூட எடுத்து வைக்காத பிள்ளை. அவனை அடிக்க வேண்டும் என்றுதான் அவள் உள்ளே வந்திருந்தாள். அவன் முடிப்பதற்குள் அந்தக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அதன் இடத்தில் என்ன வந்திருக்கிறது என்றும் தெரியவில்லை.

ஷெமி துணியை விலக்கி உள்ளே பார்த்தாள். அம்மாவையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். "தெய்வமே!" என்றாள். பிறகு ஏப்ரனைக் கட்டிக்கொண்டே, "நீ போய் அவங்களோடு இரி. இவிடெ நான் நோக்கிக்கறேன்" என்றாள்.

மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். ஸ்ரீகண்டன் பிள்ளையை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு ஃபோர்க்கைக் கேட்டு வாங்கி, தலையைக் குனிந்தபடி நூடுல்ஸைச் சாப்பிட ஆரம்பித்திருந்தார். வேறு என்ன செய்வது என்று தெரியாத மனுஷன் செய்கிற மாதிரி, விடாமல் சாப்பிட்டார்.

"எப்போடா வந்தே?"

"கர்க்கிடகத்துல, ஆடி மாசம். நல்ல மழை அன்னிக்கு."

"ஆறேழு மாசமாச்சே!"

வெங்கிடேஷ் தலைத் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். கம்பெனி அங்கே இருந்த ஆபீஸை மூடிவிட்டது. வேறு வேலை தேடினான். கிடைக்கும் வரைக்கும் இருக்கட்டும் என்று ஒரு ராமென் கடையில் பாத்திரம் கழுவப் போனான். அங்கே ஜப்பான் பாஷை படிக்க வந்திருந்த ஷெமியும் வேலை செய்துகொண்டிருந்தாள். இருவருக்கும் விசா முடிந்தது. அவள் ஊருக்கு வந்து கடை போட்டாள், அவனையும் கூப்பிட்டாள்.

"இங்கே வந்து வேற நல்ல வேலை கிடைச்சதும் உங்ககிட்டே சொல்லலாம்னு இருந்தேன்மா. அப்புறம்..."

"அப்புறம்?"

"இந்த வேலையே பிடிச்சுப் போச்சு. அதைச் சொல்ல இன்னும் பயமாயிருந்தது."

சீதாலக்ஷ்மிக்கு இது புரியவில்லை. வேலை போனதை மறைத்தான் என்றால் புரிகிறது. பிடித்த வேலை கிடைத்ததை எதற்கு மறைக்க வேண்டும்? கேட்க வாயெடுத்தாள். கோழி எலும்பு அண்டா கண்முன் வந்தது. தெருவில் ஒவ்வொரு மாமியிடமும் ஜப்பான் ஜப்பான் என்று தான் சொல்லித் திரிந்ததும் நினைவுக்கு வந்தது. கேட்காமல் விட்டாள்.

ஸ்ரீகண்டன் முதல்முறையாகப் பேசினார். "ராத்திரி எங்கே படுத்துக்கறே?"

"பூஜப்புரைல ஒரு ரூம் எடுத்திருக்கேன்பா."

"பூஜப்புரையா? எங்கே?"

"மைதானத்துக்குப் பின்னாலே. மாடில."

"நான் காலம்பற நடக்கப் போற மைதானமா?"

வெங்கிடேஷ் தலையசைத்தான். "ஜன்னல்லேர்ந்து தினமும் உங்களைப் பார்ப்பேன். போன வாரம் உங்களுக்குக் கால் வலி, ஓரமா பெஞ்சுல உக்காந்துண்டேள். இறங்கி வந்துடலாம்னு செருப்புக்கூட மாட்டினேன்."

ஸ்ரீகண்டன் ஃபோர்க்கைக் கீழே வைத்தார். தம்ளர் தண்ணீரைக் கையில் எடுத்துக் குடிக்காமலே வைத்தார். "வந்திருக்கலாமேடா" என்றார்.

சீதாலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சமையலறைப் பக்கம் தலையைச் சாய்த்தாள்.

"அவ யாரு?"

"ஷெமியா? ஓனர்மா."

"ஓனர் மட்டும்தானா?"

அவன் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "எனக்கே சரியாத் தெரியல்லேம்மா."

அவன் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அத்தனை மாதப் பொய்க்குப் பிறகு கேட்ட இந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. "நாளைக்குக் காலம்பற ஆத்துக்கு வா" என்று மட்டும் சொன்னாள். அவன் தன் கையால் அவள் விரல்களைப் பிடித்துக் குச்சிகளை வைத்துக் காட்டினான். நாலாவது தடவையில் நூடுல்ஸ் வாய்க்குள் போயிற்று. ஆறிப்போயிருந்தது. நன்றாக இருக்கிறதா என்று அவன் கண்கள் கேட்டன. உப்பு சரியாக இருந்தது, அதைச் சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விடிந்து கொஞ்ச நேரத்தில் வெங்கிடேஷ் வந்தான். வாசற்படிக்குக் கீழேயே நின்றான். முதல்நாள் முழுக்கக் கோழி எலும்போடு நின்றவன், உள்ளே வரலாமா கூடாதா என்று யோசிப்பது தெரிந்தது. சீதாலக்ஷ்மியும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். நடக்கப் போகாமல் அவனுக்காகவே காத்திருந்த ஸ்ரீகண்டன் ஒரு துண்டை எடுத்து அவன் தோளில் போட்டார்.

"பின்பக்கமாப் போய்க் குளிச்சுட்டு வா. இட்லி வெந்துடுத்து."

அவன் நகர்வதற்குள் எதிர்வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி பால் பாத்திரத்தோடு வந்துவிட்டாள்.

"வெங்கிட்டுவா! ஜப்பான்லேர்ந்து எப்போடா வந்தே? பெட்டியெல்லாம் எங்கே?"

அவன் அம்மாவைப் பார்த்தான். இன்று காலை என்று சொல்லலாம். சொன்னால் தெரு முழுக்க அது நின்றுவிடும். சீதாலக்ஷ்மியின் நாக்கு நுனிவரை அது வந்தது.

"கர்க்கிடகத்துலேயே வந்துட்டான் மாமி. எங்களுக்கு நேத்துத்தான் தெரியும்."

"அதெப்படி? இத்தனை நாள் எங்கே இருந்தான்?"

"பூஜப்புரைல."

மாமி பால் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "எனக்கு ஒண்ணும் மனசிலாகல்லே சீதே."

"எனக்கும்தான் மாமி."

அப்போதுதான் தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் நிற்பதைச் சீதாலக்ஷ்மி பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமல், என்ஜினையும் அணைக்காமல் ஷெமி உட்கார்ந்திருந்தாள். அவனைக் கொண்டுவந்து விட்டவள், கிளம்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறாள். சீதாலக்ஷ்மி கையைத் தூக்கி ஆட்டினாள். வா என்றா, போய்விட்டு வா என்றா, ஆட்டிய அவளுக்கே தெளிவில்லை. ஷெமியும் அங்கிருந்து கையைப் பாதி தூக்கிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மாமி இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். சற்று நேரத்தில் ஸ்கூட்டரின் என்ஜின் சத்தம் நின்றது. சீதாலக்ஷ்மி இன்னும் நாலு இட்லி வார்க்க உள்ளே போனாள்.